என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று கேட்ட ஜெபம்

நான் சொல்லப் போறது நாத்தம் பிடிச்ச சாட்சி. முன்னாடியே சொல்லிப்புடுறேன், பெறகு யாரும் முகத்தச் சுளிக்கக் கூடாது. ஆராதனை முடிஞ்சு எல்லாரும் சாப்பிடப் போற நேரம், இதையெல்லாம் பேசலாமான்னு பாஸ்டர் ஐயாகிட்டக் கேட்டேன். "நடந்ததச் சொல்லும்மா. ஆண்டவருக்குத் தெரியாத நாத்தமா"ன்னாக. அந்தத் தைரியத்துல எந்திரிச்சு நிக்கிறேன்.

என் பேரு ஜெயமணி. திருச்சுழியில நானும் எங்க வீட்டுக்காரரும் டிபன் கடை வச்சிருக்கோம்னு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். தாலுகா ஆபீசுக்கு வாரவுக, பஸ்ஸுக்கு நிக்கிறவுக எல்லாரும் நம்ம கடையிலதான் கை நனைப்பாக. நான் எப்படிப்பட்டவன்னும் தெரியும். ஒரு ஈ ஒக்காந்த இட்லியக் கூட எலையில வைக்க மாட்டேன், கொட்டிருவேன். சட்னிக் கரண்டியத் தொட்ட கையால காசு வாங்க மாட்டேன். பஸ்ஸுல பக்கத்துல ஒரு ஆள் காறித் துப்புனா எனக்கு அன்னைக்கு முழுக்க சோறு எறங்காது. அப்படி ஒரு பொறவி.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் இது வந்துச்சு.

போன வருஷம், நம்ம சபையில அறுப்பின் பண்டிகை முடிஞ்ச வாரம். காலையில கடையில நிக்கும்போதே வயித்த முறுக்குச்சு. வாயுவா இருக்கும்னு சோடா வாங்கிக் குடிச்சேன். இன்னும் ஏறுச்சு. மத்தியானத்துக்குள்ள வயிறு உப்பி, தட்டுனா தவில் மாதிரி சத்தம் வருது. வெளிக்கும் போகல, காத்தும் பிரியல. கடைசியில பச்சையா வாந்தி. அந்த வாந்தியோட வாடை இப்பவும் என் மூக்குல நிக்கிது. வாயில எடுக்க வேண்டிய வாடையே இல்ல அது.

அருப்புக்கோட்டைக்கு ஆம்புலன்சுல கொண்டு போனாக. ரோட்டுல ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் கத்துனேன். டவுனுல ஒரு ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம். நான் யாரையும் குத்தம் சொல்லி ஊருக்குள்ள பரப்ப வரல. அங்க படம் எடுத்துப் பாத்துட்டு, டாக்டரு எங்க வீட்டுக்காரர வராண்டாவுக்குக் கூட்டிட்டுப் போய் என்னமோ சொன்னாரு. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. வலியில துடிக்கிறது நானு, வெவரம் சொல்றது அவுககிட்ட. திரும்பி வந்த எங்க வீட்டுக்காரருக்கு நெத்தியெல்லாம் வேர்த்திருந்துச்சு.

"என்னங்க சொல்றாக?"

"ஒண்ணுமில்ல ஜெயா. குடல் லேசா முறுக்கிக்கிச்சாம். சின்ன ஆபரேசன்தான்."

அதுதான் அவுக சொன்ன மொதப் பொய்யி.

முழிச்சப்ப எனக்கு ஒண்ணும் புரியல. மூக்குல டியூப்பு, கையில ஊசி, தொண்டையெல்லாம் வறண்டு போச்சு. ரெண்டு மூணு நாள் மயக்கத்துலயே கெடந்தேன். கொஞ்சம் தெளிஞ்ச பெறகு, வயித்துல அரிக்கிற மாதிரி இருக்கவும் கைய வச்சேன். இடது பக்கம் என்னமோ ஒட்டியிருக்கு. பிளாஸ்டிக்கு. உள்ள வெதுவெதுன்னு இருக்கு. அமுக்கினா அசையுது.

கைய வெடுக்குன்னு இழுத்துக்கிட்டேன். பக்கத்துல எங்க நாத்தனா ஞானம் ஒக்காந்திருந்தா. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. எனக்குத் தொணையா இருந்தவ அவதான்.

"ஞானம், இது என்னடி?"

"அது காத்துப் போறதுக்கு டியூப்பு மதினி. பாக்காதீக. கண்ண மூடிப் படுங்க."

போர்வைய இழுத்துக் கழுத்து வரைக்கும் போத்தி விட்டா. எனக்கா தெரியாது? வாழ்நாளெல்லாம் மூக்க வச்சுப் பொழச்சவ நான். மாவு புளிச்சிருச்சான்னு எட்டி நின்னே சொல்லிருவேன். என் போர்வைக்குள்ள இருந்து என்ன வாடை வருதுன்னு எனக்குத் தெரியாதா? ஞானம் அந்தப் பக்கம் திரும்பவும் போர்வையத் தூக்கிப் பாத்தேன். மலம். ஒரு பைக்குள்ள, என் வயித்து மேல, வெள்ள வெளிச்சத்துல.

அன்னைக்கு எனக்கு வந்த அருவருப்ப வார்த்தையில சொல்ல முடியாது. கத்தல. அழுகல. சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தேன். என் ஒடம்ப விட்டு எறங்கி எங்கயாவது ஓடிற முடியுமான்னு இருந்துச்சு.

இதுல கொடுமை என்னன்னா, அது சரியா ஒட்டல. ஓரத்துல கசிஞ்சுக்கிட்டே இருக்கும். சேலை, பெட்டு, துண்டு எல்லாம் நாறும். கசிஞ்ச எடத்துல தோலு வெந்து போச்சு, மொளகாய் அரைச்சுத் தடவுன மாதிரி எரியும். பக்கத்துக் கட்டில்ல பாலவனத்தத்துக்கார அக்கா ஒருத்தி. மொத நாள் எனக்காகப் பாவப்பட்டவ, பெறகு என்னை வேற ரூமுக்கு மாத்தச் சொல்லி எல்லார்கிட்டயும் நச்சரிச்சா. முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் கஞ்சி குடிப்பா. நான் அவள வெறுத்தேன். அவ எடத்துல நான் இருந்திருந்தா அதையேதான் செஞ்சிருப்பேன். அது தெரிஞ்சதால இன்னும் வெறுத்தேன்.

அந்த வார்டுல ஒரு சிஸ்டரு. மும்தாஜுன்னு பேரு. வீரசோழன்ல இருந்து பஸ்ஸுல வந்து போற பொண்ணு. முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும். ஒரு நாள் பை நெறஞ்சு கசிஞ்சு பெட்டெல்லாம் ஆயிருச்சு. ஞானம் போய்க் கூப்பிட்டா. அந்தப் பொண்ணு வந்துச்சு, வந்ததும் மொதல்ல மாஸ்க்க மேல ஏத்துச்சு. பெறகு மாஸ்க்குக்கு மேல தெரிஞ்ச மூக்குத்தண்டு சுளிஞ்சுச்சு. அதை நான் பாத்துட்டேன்.

"ஏம்மா, நெறையிறதுக்கு முன்னாடி கூப்பிட மாட்டீங்களா? கூட இருக்கவங்க என்ன செய்றீங்க?"

எங்கிட்டக் கேக்கல. ஞானத்துகிட்டக் கேட்டுச்சு. ஞானம் சும்மா விடுவாளா?

"நாங்களா வந்து பண்ண முடியும்? அதுக்குத்தான நீங்க சம்பளம் வாங்குறீக?"

ரெண்டு பேரும் என் வயித்துக்கு மேல நின்னு சண்டை போட்டாக. நான் நடுவுல அம்மணமாக் கெடக்குறேன். ஒருத்தரும் என்னைப் பாக்கல. அவுகளுக்கு நான் ஒரு அசிங்கம் பண்ணுன பெட்டு, அவ்வளவுதான்.

சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு வந்தாக. ஞானம் ஒண்ணுக்கு ரெண்டா ஏத்திச் சொல்லிட்டா. அவுக நேரா சிஸ்டர்மாரு மேசைக்குப் போய், செல்ல எடுத்து வீடியோ புடிச்சுக்கிட்டே கத்தியிருக்காக. "என் பொண்டாட்டிய நாற விட்டுட்டு இங்க ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கீகளா? இத வாட்சாப்பு குரூப்புல போட்டு விடுறேன் பாரு."

அதோட முடிஞ்சுச்சு. மறுநாள்ல இருந்து சிஸ்டருமாரு ரெண்டு ரெண்டு பேரா வந்தாக. ஊசி போட்டாக, பைய மாத்துனாக, போயிட்டாக. ஒரு வார்த்தை கெடையாது. எங்க வீட்டுக்காரருக்கு அவுக மேல நம்பிக்கை இல்ல. அவுகளுக்கு எங்க மேல நம்பிக்கை இல்ல. எனக்கு ஒருத்தர் மேலயும் இல்ல.

பெரிய டாக்டரு ரவுண்ட்ஸ் வருவாரு. "வலி இருக்காம்மா?"ன்னு கேப்பாரு. நான் வாயத் தெறக்குறதுக்குள்ள ஞானம் சொல்லுவா, "இல்ல சார், நல்லா இருக்காக." அவரும் தலைய ஆட்டிட்டுப் போயிருவாரு. உண்மையில எனக்கு அடிவயித்துல, தையலுக்குக் கீழ, புதுசா ஒரு வலி ஆரம்பிச்சிருந்துச்சு. தொட்டா சுடும். உள்ள இருந்து விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். நான் சொல்லல. யாருகிட்டச் சொல்ல? எனக்கு என்ன ஆச்சுன்னே எங்கிட்டச் சொல்லாதவுககிட்ட எனக்கு எங்க வலிக்கிதுன்னு நான் எதுக்குச் சொல்லணும்?

சாப்பாட்டையும் நிறுத்திட்டேன். சாப்பிட்டாத்தான அது வரும்? இட்லியப் பிச்சு, ஞானம் பாக்காத நேரம் கேரி பேக்குல போட்டுக் கட்டிலுக்கு அடியில தள்ளிருவேன். கஞ்சிய வாயில வச்சிருந்து துண்டுல துப்புவேன். அது புளிச்சு நாறுனப்ப, அதுவும் பையில இருந்து வாரதுன்னுதான் எல்லாரும் நெனச்சாக. மாத்திரையையும் துப்புனேன். செத்துப் போகணும்னு நெனச்சுச் செய்யல. அந்தப் பை காலியாக் கெடக்கணும், அது ஒண்ணுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், ஆராதனை முடிஞ்சு நம்ம சபையில இருந்து ஒரு கூட்டமே வேன் புடிச்சு வந்தீக. அன்னைக்கு வந்தவுக இங்கயும் ஒக்காந்திருக்கீக. கோவிச்சுக்காதீக, நடந்ததத்தான் சொல்றேன். கட்டிலச் சுத்தி நின்னு பாட்டுப் பாடுனீக. பெறகு ஒரு அக்கா கைய உசத்தி ஜெபம் பண்ணுனாக. "ஆண்டவரே, மறைவா ஏதாவது பாவம் இருந்தா இந்த மகளுக்கு வெளிப்படுத்தும்"னு சத்தமாச் சொன்னாக. எனக்கு ஒடம்பெல்லாம் கூசுச்சு. என் வயித்துக்குள்ள மறைவா இருந்தது எல்லாந்தான் வெளிய தொங்குதே, இன்னும் என்னத்த வெளிப்படுத்தணும்?

அந்த நேரம் பாத்துப் பை விட்டுருச்சு. ஒட்டு முழுசாப் பிரிஞ்சு, சூடா, இடுப்பு வழியா ஓடுது. வாடை எழும்புச்சு. கண்ண மூடி ஜெபிச்சவுக ஒவ்வொருத்தரா கண்ணத் தெறந்தீக. ஜெபம் ரொம்பச் சுருங்கிருச்சு. ஆமென் சொல்றதுக்குள்ள பாதிப் பேரு வராண்டாவுல நின்னீக. ஒரு அக்கா ஆப்பிள் பையக் கட்டில்ல வைக்க மனசு வராம, ஜன்னல்ல வச்சுட்டுப் போனாக. ஞானம் உங்கள வழியனுப்பப் போயிட்டா.

நான் தனியாக் கெடந்தேன். என் அசிங்கத்துல நானே ஊறிக்கிட்டு.

அப்பத்தான் ஜெபம் பண்ணுனேன். வாழ்க்கையில அப்படி ஒரு ஜெபம் பண்ணுனதில்ல. ஸ்தோத்திரம் இல்ல, துதி இல்ல. கோவம்தான். "ஆண்டவரே, எனக்கு எல்லாரையும் பாத்தா கொமட்டுது. என்னைப் பாத்தா அத விடக் கொமட்டுது. சுகம் தாரும்னு நான் கேக்கல. எனக்கு என்ன ஆச்சுன்னு ஒரே ஒரு ஆளு என் முகத்தப் பாத்துச் சொல்லட்டும். பொய் சொல்லாத ஒரு ஆள அனுப்பும். முடியாதுன்னா என்னை எடுத்துக்கிரும். இதுக்கு மேல நாற முடியாது." அவ்வளவுதான். ஆமென் கூடச் சொல்லல.

கொஞ்ச நேரத்துல கட்டிலச் சுத்தி இருக்குற திரைய யாரோ சர்ருன்னு இழுத்தாக. ஆள் உள்ள வந்துச்சு. கையில வெந்நி கிண்ணம், பஞ்சு, துணி. நிமிந்து பாத்தா அந்த மும்தாஜ் சிஸ்டரு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவளையா அனுப்புனீரு? மூக்கச் சுளிச்சவளையா?

"நீ வேண்டாம். வேற யாரையாவது வரச் சொல்லு."

"வேற யாரும் இல்லம்மா. திட்டணும்னா திட்டிக்கோங்க. இத மாத்தாம நான் போக மாட்டேன்."

ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்துச்சு. அதுவரைக்கும் ஒரு சிஸ்டரும் என் பக்கத்துல ஒக்காந்ததில்ல. மாஸ்க்கக் கழட்டி மடியில வச்சுச்சு. என் கண்ண நேராப் பாத்துச்சு.

"உங்களுக்கு என்ன ஆபரேசன் பண்ணியிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?"

தெரியாதுன்னு தலைய மட்டும் ஆட்டுனேன்.

"டூட்டி முடிஞ்சு பஸ்ஸுக்குக் கெளம்பிட்டேன். வராண்டாவுல உங்க ஆளுங்க பேசிக்கிட்டு நிக்கிறாங்க. குடல வெளிய வச்சுத் தச்சிருக்காங்களாம், இனிமே பொழைக்கிறது கஷ்டம்னு ஒருத்தங்க சொல்றாங்க. வெளிய நிக்கிற எல்லாருக்கும் தெரியுது, படுத்திருக்கிற உங்களுக்குத் தெரியல. எனக்கே அசிங்கமாப் போச்சு. உங்க வீட்டுக்காரரு அவளுக்குச் சொல்லாதீங்கன்னு சொன்னாரு. நாங்களும் சரின்னு விட்டுட்டோம். அது பெரிய தப்பும்மா."

பெறகு எல்லாத்தையும் சொல்லுச்சு. பெருங்குடல்ல ஒரு பகுதி முறுக்கிக் கருத்துப் போச்சாம். அத வெட்டி எடுத்துட்டு, நல்லா இருக்குற நுனிய வயித்துக்கு வெளிய கொண்டு வந்து தச்சிருக்காகளாம். அது வழியாத்தான் மலம் வருமாம். உள்ள புண்ணு நல்லா ஆறி ஒடம்பு தேறுன பெறகு, திரும்ப உள்ள சேத்துத் தைக்க வாய்ப்பு இருக்காம்.

"வாய்ப்பு இருக்குன்னா, கட்டாயம் மூடிருவாகளா?"

"கட்டாயம்னு நான் சொல்ல மாட்டேன். டாக்டருதான் சொல்லணும். நெறையப் பேருக்கு மூடுறாங்க. எல்லாருக்கும்னு சொல்ல முடியாது."

அந்தப் பதில் எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்துச்சு தெரியுமா? நல்ல சேதி இல்ல அது. ஆனா பொய்யி இல்ல.

நான் கேட்டேன், "நாறுதா?"

"நாறுதும்மா. இல்லன்னு சொன்னா நீங்க என்னை நம்ப மாட்டீங்க. இதே தான் எல்லார் வயித்துலயும் இருக்கு. என் வயித்துலயும் இருக்கு. இப்ப இவ்வளவு நாறுறதுக்குக் காரணம் பை சரியா ஒட்டாதது. ஓட்டையப் பெருசா வெட்டி ஒட்டியிருக்கோம். எங்க தப்புதான் அது. பாக்குறீங்களா?"

பாக்க மாட்டேன்னு கண்ண மூடிக்கிட்டேன். அது அவசரப்படுத்தல. வெந்நியில பஞ்ச நனச்சு, வெந்த தோல ஒத்தி ஒத்தித் தொடச்சுச்சு. செய்யப் போறத முன்னாடியே சொல்லும். "இப்ப ஓரத்தத் தொடைக்கிறேன், எரியும்." எரிஞ்சுச்சு. "இப்ப நடுவுல தொடுறேன், வலிக்காது." வலிக்கல. சொன்னது சொன்னபடியே நடந்துச்சு. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக் கண்ணத் தெறக்கத் தைரியம் வந்துச்சு. பாத்தேன். செவப்பா, ஈரமா, நம்ம வாயோட உள்பக்கம் மாதிரி இருக்கு. அவ்வளவுதான். அழகா இருந்துச்சுன்னு சாட்சிக்காகச் சொல்ல மாட்டேன். கொமட்டத்தான் செஞ்சுச்சு. ஆனா அது என்னுதுன்னு தெரிஞ்சுச்சு. என்னை உசுரோட வச்சிருக்கது அதுதான்னும் தெரிஞ்சுச்சு.

அப்பத்தான் நான் வாயத் தெறந்தேன்.

"சிஸ்டரு, கீழ தையல்ல வலிக்கிது. சுடுது. ரெண்டு மூணு நாளா இருக்கு."

அந்தப் பொண்ணோட கை நின்னுச்சு. "ஏன் சொல்லல?" கேட்டுட்டு, பதிலுக்குக் காத்திருக்காம, தையலுக்குப் பக்கத்துல ரெண்டு வெரலால மெல்ல அமுக்குச்சு. நான் துள்ளிட்டேன். அது முகம் மாறிருச்சு. காய்ச்சல் பாத்துச்சு. "வேற ஏதாவது மறைக்கிறீங்களா அம்மா? தயவு செஞ்சு சொல்லுங்க"ன்னுச்சு. சாப்பாட்டத் துப்புனது, மாத்திரையத் துப்புனது, எல்லாத்தையும் சொல்லிட்டேன். கட்டிலுக்கு அடியில கைய விட்டு அந்தக் கேரி பேக்க இழுத்துச்சு. புளிச்சுப் பூசணம் பூத்த இட்லி. இட்லிக் கடைக்காரி ஒளிச்சு வச்ச இட்லி. நானே மூக்கப் பொத்திக்கிட்டேன்.

அது திட்டல. ஓடிப் போய் டாக்டரக் கூட்டிட்டு வந்துச்சு. அங்கயே தையல்ல கொஞ்சத்தப் பிரிச்சாக. உள்ள இருந்து சீழ் கொட்டுச்சு. அத்தனை நாள் நாறுனது ஒண்ணுமே இல்ல, அப்படி ஒரு நாத்தம். டாக்டரே தலையத் திருப்பிக்கிட்டாரு. மும்தாஜ் மட்டும் என் கையப் புடிச்சுக்கிட்டு, "வரட்டும்மா, எல்லாம் வெளிய வரட்டும்"னு சொல்லிக்கிட்டே நின்னுச்சு. அது போக வேண்டிய பஸ்ஸு எப்பவோ போயிருச்சு.

இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா சீழு ரத்தத்துல கலந்து ஆளே போயிருப்பீங்கன்னு டாக்டரு சொன்னாரு. மாத்திரையத் துப்புனது வேற சேந்துக்கிச்சு. நான் சுகம் வேண்டாம், உண்மைய மட்டும் சொல்லச் சொல்லும்னு கேட்டேன். ஆண்டவரு உண்மையையும் அனுப்பி, அது வழியா உசுரையும் குடுத்துட்டாரு.

மறுநாள் மும்தாஜ் எங்க வீட்டுக்காரரையும் ஞானத்தையும் என் கட்டில் பக்கத்துல ஒக்கார வச்சுப் பேசுச்சு. வராண்டாவுல இல்ல, என் காது கேக்க.

"ஐயா, இனிமே எதுன்னாலும் அம்மாவுக்குத்தான் மொதல்ல சொல்லுவோம். நீங்க பக்கத்துல இருந்து கேட்டுக்கோங்க. அம்மாகிட்டக் கேட்டா அம்மாதான் பதில் சொல்லணும்." கடைசியாச் சொன்னது ஞானத்தப் பாத்து. ஞானம் தலையக் குனிஞ்சுக்கிட்டா.

நான் அவுககிட்டக் கேட்டேன், "ஏங்க மறச்சீக?"

எங்க வீட்டுக்காரரு அழுது நான் பாத்ததில்ல. அன்னைக்கு அழுதாக. "ஒரு ஈ ஒக்காந்தாலே இட்லியக் கொட்டுறவ நீ. உன் வயித்துல இப்படித் தொங்கப் போகுதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? சொன்னா நீ உசுர விட்டுருவன்னு பயந்துட்டேன் ஜெயா."

"சொல்லாமத்தான் விடப் பாத்தேன்"னேன் நான்.

எங்க வீட்டுக்காரரு செல்ல எடுத்து, அந்தப் பொண்ணு முன்னாடியே வீடியோவ அழிச்சாக. பைய எப்படி மாத்தணும்னு கத்துக்கிட்டாக. மொத நாள் பாதியிலயே "கொஞ்சம் இரு"ன்னு சொல்லிட்டு ஓடுனாக. பாத்ரூமுக்குள்ள ஓங்கரிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. மூஞ்சியக் கழுவிட்டு வந்து மிச்சத்த ஒட்டுனாக. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஆபரேசனுக்குப் பெறகு மொதச் சிரிப்பு அதுதான். தையல் இழுத்து உசுரு போச்சு, ஆனாலும் சிரிச்சேன். பாலவனத்தத்துக்கார அக்காவும் சேந்து சிரிச்சா. கசிவு நின்னதும் அவ மூக்குல இருந்த முந்தானையும் எறங்கிருச்சு.

அதுக்குப் பெறகு எல்லா சிஸ்டருமாரும் மாறிட்டாகன்னு நான் சொல்ல மாட்டேன். ஒருத்தி கடைசி வரைக்கும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் ஊசி போட்டா. எனக்கு இப்பவும் அவள நெனச்சா ஆத்திரம் வருது. மன்னிக்கச் சொல்லி ஜெபிக்கிறேன், இன்னும் முழுசா வரல. பொழச்சு வந்து கடையில நின்னப்ப, வழக்கமா வார ஒரு ஆளு எட்டி நின்னு, "இந்தம்மா கையால எப்படிய்யா சாப்பிடுறது"ன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. அன்னைக்கும் கொமட்டுச்சு, அந்த ஆள நெனச்சு. ஆனா நான் உள்ள ஓடல. "எனக்கு ஆபரேசன் பண்ணிப் பை வச்சிருக்காக. கையச் சோப்புப் போட்டுக் கழுவித்தான் மாவத் தொடுறேன். மனசு இருந்தா ஒக்காருங்க, இல்லன்னா போங்க"ன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னேன். அவரு போயிட்டாரு. மத்தவுக ஒக்காந்தாக.

போன மாசம் மும்தாஜ் போன் பண்ணுச்சு. "அம்மா, ஒருத்தங்க இங்க சுவத்தப் பாத்தே படுத்திருக்காங்க. சாப்பிட மாட்டேங்கிறாங்க. அவங்ககிட்டக் கேட்டுட்டேன், யாராவது வந்து பேசட்டுமான்னு. சரின்னு தலைய ஆட்டுனாங்க. நீங்க ஒரு எட்டு வர முடியுமா?"

பஸ் ஏறிப் போனேன். திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. கடலைக் காட்டுல வேலை பாக்குற மனுசன். பொண்டாட்டி கால்மாட்டுல நின்னு அழுதுக்கிட்டு இருக்கா. நான் ஸ்டூல இழுத்துப் போட்டு ஒக்காந்தேன்.

"அண்ணே, எனக்கும் இதுதான். இந்தா."

சேலைக்கு மேலயே அவரு கையப் புடிச்சு வச்சுக் காட்டுனேன். வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு. பெறகு மெல்லத் திரும்பி என் முகத்தப் பாத்தாரு.

"பஸ்ஸுலயா வந்தீக?"

"ஆமா. ஒக்காந்துதான் வந்தேன். பக்கத்துல இருந்தவளுக்குத் தெரியக் கூட இல்ல."

"நீங்க என்ன சாப்பிடுறீக?"

"எல்லாந்தான். காலையில ரெண்டு இட்லி தின்னுட்டுத்தான் வாரேன்."

பெறகு பொண்டாட்டிகிட்ட, "அந்தக் கஞ்சிய எடு"ன்னாரு. அவ எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே தூக்குவாளியத் தெறந்தா.

சபையாரே, இப்ப உங்க முன்னாடி நிக்கிறப்பவும் அந்தப் பை என் வயித்துலதான் இருக்கு. மூடலாம், ஆனா இன்னும் கொஞ்ச காலம் போகட்டும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. மூடுனாலும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுவேன், மூடாட்டியும் சொல்லுவேன். எனக்கு வந்த பதில் ஏற்கெனவே வந்துருச்சு.

உங்க வீட்டுல யாராவது படுத்திருந்தா, வராண்டாவுல போய்க் குசுகுசுன்னு பேசாதீக. பக்கத்துல ஒக்காந்து, முகத்தப் பாத்து, உள்ளதச் சொல்லுங்க. எங்க வலிக்கிதுன்னு அவுக வாயாலயே சொல்ல விடுங்க. சிஸ்டருகிட்டயும் மனுசரா நெனச்சுப் பேசுங்க, கேள்வி கேளுங்க, செல்லத் தூக்காதீக. படுத்திருக்குறது நீங்களா இருந்தா, நல்லா குளிச்சு, நல்ல வார்த்தை தேடித்தான் ஆண்டவர்கிட்டப் போகணும்னு இருக்காதீக. கோவம் வந்தா கோவத்தோட கேளுங்க. கொமட்டுனா கொமட்டுதுன்னே சொல்லுங்க. அவரு யார அனுப்புவாருன்னு நீங்களா முடிவு பண்ணிக்கிட்டு, வாரவுகள வெரட்டிறாதீக. நான் வெரட்டத்தான் பாத்தேன்.

நான் ஊறி நாறிக் கெடந்தப்பத்தான் அவரு என் ஜெபத்தக் கேட்டாரு. என் ஆண்டவரு மூக்கப் பொத்தல.